நான் சிரித்தபோது எடுத்த படம்

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நடந்தது இது. கல்முனையில் மாதாமாதம் மனநலக் கிளினிக் நடக்கும் இடத்தில், வழக்கம்போல் இரத்தப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். டொக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கூடவே ஓர் இளம் பெண். ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர், இப்போது மனநோயோடு வாழ்கிறவர்களின் அன்றாட வாழ்க்கையைப் படமாக எடுத்து ஒரு கண்காட்சி வைக்க நினைக்கிறார் என்று டொக்டர் எங்களுக்கு அறிமுகம் செய்தார். விருப்பமில்லாதவர்கள் யாரும் சம்மதிக்கத் தேவையில்லை, சம்மதித்த பிறகும் எந்த நேரமும் வேண்டாம் என்று சொல்லலாம், அதனால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார். ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்று வரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனால் அது பயமில்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தபோது வருமே, அந்தப் படபடப்பு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் சாய்ந்தமருது. வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறேன். கணவர் மீன் வியாபாரம். ஒரு மகள். உம்மா எங்களோடுதான் இருக்கிறார். மகள் பிறந்த பிறகு எனக்கு பைபோலர் என்கிற மனநோய் வந்தது. நோயை நாங்கள் வருத்தம் என்றுதான் சொல்வோம். மனம் சில காலம் தலைகால் தெரியாமல் மேலே போகும், சில காலம் எழும்பவே முடியாமல் கீழே போகும். மேலே போன காலத்தில் நித்திரையே இல்லாமல், வாய் மூடாமல் கதைத்துக்கொண்டு, வீட்டுச் சாமானையெல்லாம் தெருவில் போவோர் வருவோருக்கு அள்ளிக் கொடுத்தேன். கீழே போன காலத்தில் தலைசீவக்கூடக் கை எழவில்லை. ஓதிய தண்ணீரெல்லாம் குடித்துப் பார்த்த பிறகுதான் ஆசுபத்திரிக்கு வந்தோம். மாத்திரை ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய பிறகு, அல்ஹம்துலில்லாஹ், பல வருடமாக நன்றாக இருக்கிறேன்.

ஆனால் இந்த வருத்தத்தில் வெளியே யாருக்கும் தெரியாத ஒரு கஷ்டம் உண்டு. நான் கவலையாக இருந்தால் வீட்டில் யாரும் பெரிதாகப் பயப்பட மாட்டார்கள். சந்தோஷமாக இருந்தால்தான் பயப்படுவார்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசினால், ஒரு புதுச் சட்டைத் துணி வாங்கினால், அடுப்படியில் பாடினால், உடனே உம்மாவும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

அன்று கிளினிக் முடிந்து ஓட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாய் முந்திக்கொண்டது. என்னைப் படமெடுக்கப் போகிறார்கள், கண்காட்சி வைக்கப் போகிறார்கள் என்று கொட்டிவிட்டேன். உம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"மகள், ராவு நித்திரை கொண்டியா?" என்று கேட்டார்.

கணவர் அதிகம் கதைக்காதவர். அவருக்கு இரண்டு கவலை. வீட்டுப் பெண்ணின் படத்தை மண்டபத்துச் சுவரில் மாட்டுவது ஒன்று. நாளைக்கு மகளுக்கு ஒரு சம்பந்தம் வரும்போது இந்தப் படம் குறுக்கே வந்து நிற்கும் என்பது மற்றது. இரண்டையும் நான் யோசிக்காமல் இல்லை. ஒரு தடவை அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரட்டும், கதைத்துப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவோம் என்றேன். அரை மனதோடு தலையசைத்தார்.

அந்தப் பிள்ளை வந்தது. கமெரா இல்லாமல் வந்தது. முதலில் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டது. எங்களில் மூத்த பெண்ணை ராத்தா என்போம் என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு ராத்தா, அவர் எனக்குத் தங்கச்சி. உம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் இந்த வேலை என்று கணவர் கேட்டார். தங்கச்சி சொன்னது என்னை உலுக்கிவிட்டது. அவருடைய சின்ன மாமாவுக்கு மனநோயாம். வீட்டில் விசேஷம் என்று கமெரா வரும்போதெல்லாம் அவரைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார்களாம். மாமா காலமானபோது மாலை போடுவதற்கு ஒரு படம் தேடினார்கள். வருத்தம் வந்த பிறகு எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது எடுத்த படத்துக்குத்தான் மாலை போட்டார்களாம்.

கணவர், எடுத்துப் பாருங்கள் என்றார். கதவுக்குப் பின்னால் உம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அடுத்த தடவை வந்தபோது, மனநோய் என்று தேடினால் என்ன மாதிரிப் படங்கள் வருகின்றன என்று தங்கச்சி தன் போனில் காட்டினார். எல்லாம் கறுப்பு வெள்ளை. கம்பி போட்ட ஜன்னல். இருட்டு அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கும் ஆள். விரித்த தலையோடு ஒரு பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு வருத்தம் கூடினா இருட்டே வராது தங்கச்சி. உலகத்துல இரிக்கிற லைட்டெல்லாம் ஒண்டாப் போட்ட மாதிரி இரிக்கும்."

அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அப்படியென்றால் எப்படித்தான் எடுப்பது என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது பாருங்கள், அதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் என் வருத்தத்தைப் பற்றி எல்லோரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டது அவர்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து தேடத் தொடங்கினோம். கிழமையில் இரண்டொரு நாள் வருவார். நான் மாத்திரை போடுவதை எடுத்தார். கிளினிக்கில் இரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடிப்பதை எடுத்தார். கேக்குக்கு ஐசிங் பூ வைக்கும்போது என் கை கொஞ்சம் நடுங்கும். அது மாத்திரையால் வருவது. அந்த நடுக்கத்தைப் படத்தில் கொண்டுவர அவர் பட்ட பாடு! கடைசியில் பூவை மட்டும் எடுத்தார். இதழின் ஓரம் லேசாக நெளிந்திருந்தது. கை எங்கேயும் இல்லை, நடுக்கம் தெரிந்தது.

ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு நானும் கணவரும் கடற்கரையில் நடந்ததையும் எடுத்தார். பின்னால் கரைவலை இழுக்கிறார்கள், சூரியன் தகதகவென்று எழுகிறது. பார்த்த எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. தங்கச்சி மட்டும் அதை ஒதுக்கி வைத்தார். வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் கலண்டருக்குத்தான் சரி, இதில் நீங்கள் இல்லை ராத்தா என்றார்.

நடுவில் ஒரு கிழமை எனக்கு மனம் கீழே இறங்கியது. அப்போதும் வந்தார். என் முன்னால் கமெராவை எடுக்கவில்லை. உம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான் தேறிய பிறகு, அந்தக் கிழமையில் ஒரே ஒரு படம் எடுக்கலாமா என்று உம்மாவிடம் கேட்டு எடுத்ததாகச் சொல்லிக் காட்டினார். கழுவிக் கவிழ்த்த கேக் தட்டுகள். ஒன்றுக்கு மேல் ஒன்று. ஈரமே இல்லை. மேல் தட்டில் மெல்லிய தூசி. அவ்வளவுதான். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டொக்டருக்கு எத்தனையோ தடவை வாயால் சொல்லிச் சொல்லி விளங்கப்படுத்த முடியாதது அதில் இருந்தது.

இப்போது அந்தப் பகல் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு போடியார், நிறைய வயல் உள்ளவர், தன் பேரனின் பிறந்தநாளுக்கு டிரக்டர் வடிவத்தில் கேக் கேட்டிருந்தார். தன்னுடைய டிரக்டர் மாதிரியே இருக்க வேண்டும், நம்பரும் போட வேண்டும் என்று படம் அனுப்பியிருந்தார். நானும் பார்த்துப் பார்த்து ஐசிங்கில் நம்பர் எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள், மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. போடியார் தவறுதலாக அனுப்பியது தன் மச்சானுடைய டிரக்டர் படமாம். மச்சான் கேக்கைப் பார்த்துவிட்டு, என் டிரக்டரை வெட்ட நீ யார் என்று கத்தியைப் பறித்து வைத்துக்கொண்டாராம். பேரன் அழ, இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டு நிற்க, கேக் வெயிலில் உருகிப் போச்சாம்.

போனை வைத்துவிட்டு இதைச் சொல்லத் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மேசையில் கையால் அடித்து, கண்ணில் தண்ணீர் வந்து, சோறு புரையேறி. அன்று தங்கச்சியும் எங்களோடு சாப்பிட இருந்தார். கமெரா கிளிக் என்றது எனக்குக் கேட்கக்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து மடிக்கணினியில் அந்தப் படத்தைக் காட்டினார்.

நடுவில் நான். வாய் திறந்து, கண் மூடி, முழுச் சிரிப்பு. எனக்கு இடப்பக்கம் கணவர். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, என்னைப் பார்க்கிறார். வலப்பக்கம் உம்மா. தண்ணீர்க் கோப்பையைப் பாதியில் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு சிரிப்பும் இல்லை. கரையில் நின்று கடல் உள்வாங்குவதைப் பார்க்கிறவர்களின் முகம். சுனாமியைக் கண்ட எங்கள் ஊரில் அந்த முகம் எல்லோருக்கும் தெரியும்.

இதுதான், இதுதான் தங்கச்சி என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். மனநோயோடு வாழ்வது என்றால் என்ன என்று கேட்டால் இனி நான் வாய் திறக்கத் தேவையில்லை. கம்பி ஜன்னல் வேண்டாம், இருட்டு வேண்டாம். பட்டப்பகலில், வெளிச்சத்தில், நான் சிரிக்கும்போது எடுத்த படம்.

ஆனால் தங்கச்சி சந்தோஷப்படவில்லை. இதில் மூன்று பேர் இருக்கிறீர்கள், மற்ற இரண்டு பேரும் சம்மதிக்காமல் இது வெளியே போகாது என்றார். அவர்கள் வேண்டாம் என்றால் இங்கேயே அழித்துவிடுகிறேன் என்றார்.

கணவர் சந்தையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தார். படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். தன் முகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"நான் உன்ன இப்பிடியா புள்ள பார்க்கிற?"

"ஓம் மச்சான்."

"ஒவ்வொரு நாளுமா?"

"நான் சிரிச்சா மட்டும்."

அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். மோட்டார் சைக்கிளைத் துடைக்கிற சாட்டில் அங்கேயே நின்றார். தங்கச்சி மடிக்கணினியை மூடப் போனார். நான் பொறுங்கள் என்று கை காட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார், இந்தப் படத்தை வையுங்கள் என்று. மகளின் சம்பந்தத்துக்குக் குறுக்கே வந்தால், அப்படிப்பட்ட இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்றும் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

உம்மாவைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. ஊர் உன்னைப் பைத்தியம் என்று சொன்னது போதாதா, இப்போது படம் பிடித்தும் காட்ட வேண்டுமா என்று அழுதார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு கிழமை போன பிறகு அவரே வந்து, படத்துக்குக் கீழே யாருடைய பெயரும் இருக்கக்கூடாது, தன்னை யார் என்று யாரும் சொல்லக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். தங்கச்சி ஒத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு நாள் குறித்தார்கள். அதோடு என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. சந்தோஷம் என்னால் தாங்க முடியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க மூன்றடுக்குக் கேக் செய்யப் போகிறேன் என்றேன். போனில் எல்லோருக்கும் சொன்னேன். கேக்கின் மாதிரியை வரைந்து வரைந்து கிழித்தேன். நித்திரை குறைந்தது. முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் அதைவிடக் கொஞ்சம். உம்மா இதற்குத்தான் சொன்னேன் என்றார். கணவரின் மனமும் எனக்கு விளங்கியது. தங்கச்சிக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார். கண்காட்சியைத் தள்ளி வைப்போம், நீங்கள் நன்றாக இருப்பதுதான் முக்கியம் என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி சந்தோஷப்படக்கூட மற்றவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா? ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு சின்னப் பயமும் இருந்தது. முன்பு மேலே போன காலத்திலும் நான் இப்படித்தான் கோபப்பட்டேன். இது சந்தோஷமா, வருத்தமா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் நானே அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு, கிளினிக் நாளில்லாத ஒரு நாளில் டொக்டரைப் பார்க்கப் போனேன்.

டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். இரத்தம் பார்த்தார். அதில் மருந்தின் அளவு கொஞ்சம் குறைந்திருந்தது, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். நான் கண்காட்சிக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"சந்தோஷத்துக்கு நான் மருந்து எழுதுறதில்ல, நித்திரைக்குத்தான் எழுதுறன். நல்லா நித்திரை கொண்டுட்டுப் போங்க" என்றார்.

கண்காட்சி முடியும்வரை கேக் செய்யக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். வரைந்த மூன்றடுக்கையும் மடித்து வைத்துவிட்டு, ஆசையோடு ஒழுங்காக நித்திரை கொண்டேன். நித்திரை கொள்வதற்கு இவ்வளவு முயற்சி எடுத்தவள் நானாகத்தான் இருப்பேன். கிழமை முடிவதற்குள் மனம் தரைக்கு வந்தது. சந்தோஷம் மட்டும் போகவில்லை. அப்படியே இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? வருத்தம் இறங்கிப் போன பிறகும் மிச்சமாக நிற்பது என்னுடையது.

கண்காட்சி நாள். கல்முனையில் ஒரு சின்ன மண்டபம். ஐந்து பேரின் வாழ்க்கை சுவரெல்லாம் இருந்தது. ஒரு விவசாயி, ஒரு பல்கலைக்கழக மாணவி, ஒரு மீனவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நான். எங்கள் மேசைப் படம் எல்லாவற்றிலும் பெரிது, வாசலுக்கு நேரே. நான் கேக்குக்காரி, என் விருந்தாளிகளோ கடையில் வாங்கிய பெட்டிஸும் ரோல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தாங்க முடியாத சிரிப்பு.

உம்மா வரமாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் வந்து ஓட்டோவில் ஏறினார். மண்டபத்துக்குள் வந்ததும் எங்களை விட்டு விலகி, யாரோ போல ஓரமாக நடந்தார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைப் படத்துக்கு முன்னால் சீலை உடுத்த ஒரு பெண் நின்றிருந்தார். கடற்கரைப் பக்கத்துத் தமிழ்க் கிராமம், மீன்பிடிக் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. உம்மா போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தில் இருந்த உம்மாவையே பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாமல் சொன்னார்:

"இந்த அம்மாட முகத்தப் பாருங்க. என்ட மகன் கொஞ்சம் கூடக் கதைச்சா நானும் இப்பிடித்தான் பார்க்கிற. எனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சிட்டிருந்தன்."

நான் இரண்டடி பின்னால் நின்றேன். உம்மா இப்போது விலகிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டார்.

"அது நான்தான், மகள்" என்றார். "சிரிக்கிறவ என்ட புள்ள. அவவுக்குத்தான் வருத்தம்."

அந்தப் பெண் படத்தையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மகனை எந்த டொக்டரிடமும் காட்டவில்லையாம், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்திருக்கிறார்களாம். உம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளினிக் எந்த நாள், எந்த வாசலால் போக வேண்டும், முதல் நாள் என்ன கேட்பார்கள், மாத்திரை தொடங்கியதும் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கிளினிக் போகும் நாளில் அயலவர் கேட்டால், கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுகிற உம்மாதான் அவர். தனியாகப் போகப் பயமென்றால் தானும் கூட வருவதாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்ன நடக்கிறது என்று கண்ணால் கேட்டார். நான் உம்மாவைக் காட்டினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சிரித்துவிட்டேன். கணவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் அந்தப் பழைய பயம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தூரத்தில் தங்கச்சி நின்றிருந்தார். கமெரா கழுத்தில் தொங்கியது. அதை எடுக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் அந்தப் பெண் மகனைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். உம்மா சொன்னபடி கூடப் போனார். இப்போது அந்தப் பையன் மறுபடி கடலுக்குப் போகிறான், சில நாள் எங்களுக்கு மீனும் கொண்டு வருவான்.

இத்தனை வருடமும் இந்த வருத்தத்தோடு வாழ்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் மூன்று பேர் அதோடு வாழ்கிறோம் என்று அந்தப் படம் காட்டிய பிறகு, என் சந்தோஷத்தை நான் யாருக்கும் ஒளிப்பதில்லை, அவர்களும் தங்கள் பயத்தை எனக்கு ஒளிப்பதில்லை.